வனெஸ்ஸா ஃபெராரி: விழுந்தும் ஜெயித்தவர், விழாமலே தோற்றவர்

கேள்வி இதுதான்: இத்தாலிய ஜிம்னாஸ்ட் வனெஸ்ஸா ஃபெராரி 2006-ல் பீம் என்ற ஒடுக்கமான கட்டையிலிருந்து கீழே விழுந்தும் உலக சாம்பியன் ஆனார். அதன்பின் மூன்று ஒலிம்பிக்கில் வெறுங்கையோடு திரும்பினார். கடைசியில் 30 வயதில் ஒரு வெள்ளி கிடைத்தது. அப்படியானால் 2006 வெற்றி வெறும் அதிர்ஷ்டமா? ஒரே ஒரு ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

அதிர்ஷ்டம் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் 2006-ஐ அவருடைய உச்சம் என்று வைத்துக்கொண்டு பார்த்தால் மற்ற ஆண்டுகளெல்லாம் சரிவாகத்தான் தெரியும். என் கணக்கு வேறு. 15 வயதில் எல்லாவற்றிலும் நன்றாக ஆடிய ஒரு சிறுமி, உடம்பு ஒவ்வொன்றாகக் கைவிடக் கைவிட, ஃப்ளோர் (விரிப்புத் தரையில் குட்டிக்கரணம் அடித்து ஆடுவது) என்ற ஒரே உபகரணத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு பதினைந்து ஆண்டு உலகத்தரத்தில் நின்றார். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் இது எவ்வளவு அரிது என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

ஃபெராரி பிறந்தது 1990 நவம்பர் 10, வட இத்தாலியில் பிரெஷா மாகாணத்து ஓர்ட்சினுவோவி என்ற சிற்றூரில். (அந்தக் கார் கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. இத்தாலியில் அது தெருவுக்குத் தெரு கேட்கும் குடும்பப் பெயர்.) அம்மா பல்கேரியாக்காரர், அவரும் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். மகள் சேர்ந்தது பிரெஷா நகரத்தின் பிரிக்ஸியா கிளப்பில். அங்கே பயிற்சியாளர் என்ரிகோ கசெல்லா. இவர் ஜிம்னாஸ்டாக இருந்தவர் அல்ல, ரக்பி ஆடியவர். வெளியிலிருந்து வந்தவர் என்பதாலோ என்னவோ, "எங்கள் காலத்தில் இப்படித்தான்" என்ற பழக்கச் சுமை இல்லாமல் வேலை செய்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், 2024 வரை வருவார்.

அன்றைக்கு இத்தாலியப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக ஜிம்னாஸ்டிக்ஸ் வைத்தது 1928 ஆம்ஸ்டர்டாமில். அதில் அணிப் போட்டியில் நெதர்லாந்து தங்கம், இத்தாலி வெள்ளி. அந்த இத்தாலிய அணி பாவியா நகரத்துச் சிறுமிகள். அதில் ஒருவரான லூயிஜினா ஜவோத்திக்கு அப்போது வயது பதினொன்று. அதோடு சரி. அதற்குப் பிறகு இத்தாலியப் பெண்களுக்கு இந்த வகை (ஆர்ட்டிஸ்டிக்) ஜிம்னாஸ்டிக்ஸில் ஒலிம்பிக் பதக்கம் என்பதே கிடையாது. 1950-ல் பாசல் உலகப் போட்டியில் ஓர் அணி வெண்கலம் வந்தது, மற்றபடி பல தலைமுறை வறட்சி. ஆண்கள் பக்கத்தில் யூரி கேகி, இகோர் கசினா என்று ஒலிம்பிக் சாம்பியன்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் ருமேனியா, ரஷ்யா, அமெரிக்கா, சீனா என்ற நான்கு பேரின் வீட்டு விசேஷத்தில் ஓரமாக நிற்கும் விருந்தாளி மாதிரிதான் இத்தாலி இருந்தது.

2006 அதை மாற்றியது. முதலில் கிரீஸில் வோலோஸ் நகரத்து ஐரோப்பியப் போட்டியில் இத்தாலியப் பெண்கள் அணித் தங்கம் வென்றார்கள். ருமேனியாவையும் ரஷ்யாவையும் தாண்டி இத்தாலியா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அணியில் ஃபெராரி இருந்தார். சீனியர் பிரிவில் ஆடும் தகுதி அவருக்கு வந்ததே அந்த வருடம்தான். அடுத்து அக்டோபரில் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் உலகப் போட்டி.

ஆர்ஹூஸைப் புரிந்துகொள்ள அந்த ஆண்டு வந்த புதிய மதிப்பெண் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னால் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள், நாடியா கொமனேச்சியின் 'பெர்ஃபெக்ட் டென்' அந்தக் காலத்தது. 2004 ஏதென்ஸில் ஆண்கள் ஆல்ரவுண்ட் (எல்லா உபகரணங்களின் மதிப்பெண்ணையும் கூட்டும் தனிநபர் போட்டி) முடிவில் பெரிய சர்ச்சை வெடித்ததும் சர்வதேசக் கூட்டமைப்பு அந்த முறையைக் கைவிட்டது. 2006 முதல் இரண்டு மதிப்பெண்கள். ஒன்று நீங்கள் செய்யும் வித்தைகளின் கடினத்துக்கு. அதற்கு உச்சவரம்பு இல்லை, கடினமானதைச் சேர்க்கச் சேர்க்க ஏறும். இன்னொன்று செய்நேர்த்திக்கு. அது பத்தில் தொடங்கி, கால் மடங்கினால், பாதம் நகர்ந்தால், தடுமாறினால் குறைந்துகொண்டே வரும். இரண்டையும் கூட்டினால் முடிவு.

இந்த முறையில் விழுவது என்பது மரண தண்டனை அல்ல. அபராதம்தான். அன்றைய விதிப்படி ஒரு முறை விழுந்தால் 0.8 போகும் (பிறகு 2009-ல் அதை ஒரு முழுப் புள்ளியாக ஏற்றினார்கள்). பழைய முறையில் முன்னணி வீராங்கனைகள் எல்லோரும் 9.6, 9.7 என்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றதால் ஒரு சறுக்கல் உங்களைப் பத்து இடம் பின்னால் தள்ளிவிடும். புதிய முறையில் கடின மதிப்பெண்ணை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால் ஒரு சறுக்கலைத் தாங்கலாம்.

ஆல்ரவுண்ட் இறுதியில் நடந்தது அதுதான். பீம் என்பது 10 சென்டிமீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரம். ஃபெராரி அதிலிருந்து விழுந்தார். எழுந்து மீண்டும் ஏறி முடித்தார். வால்ட் (ஓடி வந்து மேசையில் கை ஊன்றித் தாண்டுவது), பார்ஸ் (உயரம் மாறும் இரு கம்பிகள்), ஃப்ளோர் மூன்றும் அந்த இழப்பை ஈடுகட்டின. கடைசிக் கணக்கு: ஃபெராரி 61.025, அமெரிக்காவின் ஜானா பீகர் 60.750, ருமேனியாவின் சாண்ட்ரா இஸ்பாஷா 60.250. இத்தாலியப் பெண் ஒருவர் உலக ஆல்ரவுண்ட் சாம்பியன் ஆனது அதுவே முதல் முறை. பதினாறு வயது முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதே போட்டியில் பார்ஸிலும் ஃப்ளோரிலும் வெண்கலம் வாங்கினார்.

அதிர்ஷ்டம் எங்கே என்று கேட்டால், அந்த வாரம் அமெரிக்க அணி முழு பலத்தில் இல்லை. நடப்புச் சாம்பியன் செல்ஸி மெமல் தோள் காயத்தால் ஆல்ரவுண்டில் இல்லை. நாஸ்தியா லியூகின் கணுக்கால் காயத்தோடு பார்ஸ் மட்டும் ஆடினார். இருவரும் முழுத் தகுதியோடு வந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'விழுந்தவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள்' என்ற வாதம் நிற்காது. விழுந்ததற்கான 0.8 கழித்த பிறகுதான் அந்த 61.025. அந்த அபராதம் மட்டும் இல்லையென்றால் இடைவெளி ஒரு புள்ளிக்கு மேல் போயிருக்கும். விழுந்தவர் ஜெயித்தார் என்பதைவிட, விழுந்தும் பிடிக்க முடியாத தூரத்தில் இருந்தார் என்பதே சரி. இதை ஏற்காதவர்களுக்கு 2007 பதில் சொன்னது. ஆம்ஸ்டர்டாம் ஐரோப்பியப் போட்டியில் ஆல்ரவுண்ட் தங்கம், ஃப்ளோர் தங்கம் இரண்டும் அவருக்கு.

அதே 2007-ல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. ஆல்ரவுண்டில் அமெரிக்காவின் ஷான் ஜான்சன் தங்கம், ருமேனியாவின் ஸ்டெலியானா நிஸ்டோர் வெள்ளி. மூன்றாவது இடத்தில் ஃபெராரியும் பிரேசிலின் ஜாட் பார்போசாவும் ஒரே மதிப்பெண். அன்று உலகப் போட்டியில் சமநிலையை உடைப்பதில்லை, இருவருக்கும் வெண்கலம் கொடுத்தார்கள். அன்று யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. ஐந்து ஆண்டு கழித்து லண்டனில் அதே மாதிரி நடந்தபோதுதான் இந்த வெண்கலத்தைப் பலர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

பெய்ஜிங் 2008 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் வலியோடு போனார், ஆல்ரவுண்டில் 11-வது. அதற்குப் பிறகு காயம், அறுவைச் சிகிச்சை, ஓய்வு, மறுபடி பயிற்சி என்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடின. உலக சாம்பியன் பட்டத்துக்குப் பின்னால் இத்தாலியில் இவர் மேல் இருந்த எதிர்பார்ப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரஷ்யாவிலோ அமெரிக்காவிலோ ஒருவர் அடிபட்டால் அந்த இடத்துக்கு மூன்று பேர் காத்திருப்பார்கள். இத்தாலிக்கு அன்று இவர் ஒருவர்தான். அணிக்கு நான்கு உபகரணத்திலும் இவர் தேவை, ஆகவே உடம்புக்கு ஓய்வு கிடையாது.

பெரும்பாலான சாம்பியன்களின் கதை இங்கே முடிந்துவிடும். பதினைந்து, பதினாறில் உச்சம், பத்தொன்பதில் விடைபெறல் என்பது அந்தக் காலத்து வழக்கம். சிறுமி உடம்புக்கு எளிதாக வரும் சுழற்சி வளர்ந்த உடம்புக்கு வராது. உயரமும் எடையும் மாறினால் பார்ஸில் பிடிக்கும் நேரம், பீமில் சமநிலை எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். ஃபெராரி ஐந்தடிக்கும் குறைவான உயரம். அவருடைய பலம் எப்போதும் காலில் இருந்தது. ஓடி வந்து தரையை உதைத்தால் பந்து போல் எழும்பும் கால்கள். அந்தப் பலம் வயதோடு குறைவது மெதுவாகத்தான். அதனால்தான் ஃப்ளோர் அவருக்கு நிலைத்தது. பார்ஸிலும் பீமிலும் அவர் அணிக்குத் தேவையான அளவுக்கு ஆடினார். ஃப்ளோரில் மட்டும் உலகின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவராகவே இருந்தார்.

அவருடைய அடையாளமான வித்தை ஒன்று உண்டு. உடலைச் சுருக்கி, பின்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் அடித்து, அதே நேரத்துக்குள் உடலை இரண்டு முழுத் திருகு திருகி நின்று இறங்குவது. ருமேனியாவின் டானியேலா சிலிவாஷ் பெயரில் பதிவான வித்தை அது. 12 மீட்டர் சதுரத் தரை, ஒன்றரை நிமிடம், அதில் முதல் ஓட்டத்திலேயே இதைப் போட்டுவிடுவார். மூச்சு இருக்கும்போதே கடினமானதை முடித்துவிடுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் 16 வயதில் செய்த அளவு கடினத்தை 30 வயதிலும் வைத்துக்கொண்டவர்கள் மிகச் சிலர்.

இனி லண்டன். 2012 ஆகஸ்ட் 7, ஃப்ளோர் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் அலி ரைஸ்மன் 15.600, தங்கம். ருமேனியாவின் கடலினா பொனோர் 15.200, வெள்ளி. மூன்றாவது இடத்தில் ரஷ்யாவின் அலியா முஸ்தஃபினா 14.900, வனெஸ்ஸா ஃபெராரி 14.900. ஒலிம்பிக்கில் சமநிலையை உடைக்க வேண்டும் என்பது விதி. முதலில் யாருடைய செய்நேர்த்தி மதிப்பெண் அதிகம் என்று பார்ப்பார்கள். முஸ்தஃபினாவுக்குக் கடினம் 5.9, செய்நேர்த்தி 9.0. ஃபெராரிக்குக் கடினம் 6.2, செய்நேர்த்தி 8.7. வெண்கலம் முஸ்தஃபினாவுக்குப் போனது.

இத்தாலியர்கள் இன்றும் இதைக் 'கொள்ளை' என்பார்கள். கொள்ளை அல்ல. விதி எழுத்தில் இருந்தது, எல்லோருக்கும் தெரியும். யாரும் இவருக்கென்று மாற்றவில்லை. ஆனால் அந்த விதியில் ஒரு கோணல் இருக்கிறது என்பது என் கருத்து. கடினமும் நேர்த்தியும் சம மதிப்புள்ளவை என்று சொல்லித்தான் இரண்டையும் கூட்டுகிறீர்கள். கூட்டிய பிறகு சமம் என்று வந்தால், 'இல்லை, நேர்த்திதான் கொஞ்சம் உயர்ந்தது' என்று பின்வாசல் வழியாகச் சொல்வது எப்படிச் சரி? ஆபத்தான வித்தையைத் துணிந்து செய்தவர் அதே கூட்டுத்தொகைக்குக் கீழே போய்விடுகிறார். அன்று உலகப் போட்டியில் பகிர்ந்து கொடுக்க முடிந்த பதக்கத்தை ஒலிம்பிக்கில் பகிரக் கூடாது என்றதற்கும் எனக்கு இதுவரை ஒரு நல்ல காரணம் கிடைக்கவில்லை.

இதில் சுவையான விஷயம், அந்த லண்டனில் சமநிலை முஸ்தஃபினாவுக்கு இரண்டு முறை கைகொடுத்தது. ஆல்ரவுண்டில் அவரும் ரைஸ்மனும் 59.566 என்று சமமாக நின்றார்கள். அங்கே வேறு விதி: ஒவ்வொருவரின் மோசமான உபகரணத்தை நீக்கிவிட்டு மீதி மூன்றைக் கூட்ட வேண்டும். பீமில் விழுந்திருந்த முஸ்தஃபினாவுக்கு அந்த விழுந்த மதிப்பெண்ணே நீங்கிவிட்டது, வெண்கலம் வந்தது. பிறகு பீம் இறுதியில் ரைஸ்மனும் பொனோரும் சமம். செய்நேர்த்தி விதிப்படி ரைஸ்மனுக்கு வெண்கலம். ஒரே ஊரில், ஒரே வாரத்தில், மூன்று சமநிலை, மூன்று பேருக்குக் கண்ணீர். 2006-ல் விழுந்தவர் ஜெயித்தது அநியாயம் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண் முறை யாருக்கும் சொந்தக்காரன் இல்லை.

அந்த ஒலிம்பிக்கில் ஆல்ரவுண்டில் எட்டாவது, அணி ஏழாவது. 21 வயது. விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

விடவில்லை. 2013-ல் ஆன்ட்வெர்ப் உலகப் போட்டி. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் என்ற 16 வயதுப் பெண் முதன்முதலாக உலக மேடைக்கு வந்த போட்டி அது. ஃப்ளோர் இறுதியில் பைல்ஸ் 15.000, ஃபெராரி 14.633, ருமேனியாவின் லாரிசா யோர்டாகே 14.600. 2006-ல் உலகப் போட்டியில் முதல் பதக்கம் வாங்கிய அதே ஆள், ஏழு ஆண்டு கழித்து, ஒரு புதிய யுகத்தின் முதல் வாரத்தில் அதன் ராணிக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு ஃபெராரியின் வாழ்க்கையில் மிகப் பிடித்த முடிவு இது. அடுத்த ஆண்டு சோஃபியாவில் ஐரோப்பிய ஃப்ளோர் தங்கம். ஏழு ஆண்டு இடைவெளியில் அதே உபகரணத்தில் இரண்டாவது ஐரோப்பியத் தங்கம். போட்டி நடந்தது அம்மாவின் நாட்டில்.

ரியோ 2016. மறுபடியும் ஃப்ளோர் இறுதி. பைல்ஸ் 15.966, ரைஸ்மன் 15.500, இருவரும் எட்டாத தூரம். மூன்றாவது இடத்துக்குத்தான் போட்டி. பிரிட்டனின் 16 வயது ஏமி டிங்க்ளர் 14.933. ஃபெராரி 14.866. மீண்டும் நான்காவது. வித்தியாசம் 0.067. தரையிறங்கும்போது பாதம் சற்றே நகர்ந்தால் கழிப்பது 0.1. அதைவிடச் சிறிய அளவு இது. ஐந்து நடுவர்கள் போடும் செய்நேர்த்தி மதிப்பெண்ணில் உச்சத்தையும் தாழ்வையும் நீக்கி மீதி மூன்றின் சராசரியை எடுப்பதால்தான் இப்படி மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று பின்னங்கள் வருகின்றன. அதாவது ஒரு நடுவரின் கண்ணில் பட்ட ஏதோ ஒரு சிறு குறை இந்த அளவை நிர்ணயித்துவிடும்.

நமக்கு இந்த வலி தெரியாததல்ல. அதே ரியோவில், அதே அரங்கத்தில், இரண்டு நாள் முன்னால் வால்ட் இறுதியில் தீபா கர்மாகர் 0.150 இடைவெளியில் நான்காவது ஆனார். இந்தியா முழுக்க அன்று கணக்குப் போட்டது நினைவிருக்கலாம். ஃபெராரிக்கு அது அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில், அதே உபகரணத்தில்.

அடுத்தது மோசம். 2017 அக்டோபர், மாண்ட்ரியால் உலகப் போட்டி, ஃப்ளோர் இறுதி. ஆட்டத்தின் நடுவிலேயே குதிகாலின் பின்னால் இருக்கும் அக்கிலீஸ் தசைநாண் அறுந்தது. காலால் உதைத்து எழும்புவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிட மோசமான காயம் இல்லை. வயது அப்போது 26, சில வாரத்தில் 27.

இந்த இடத்தில் ஒரு நடைமுறைக் கேள்வி எழும்: 27 வயதில், கால் தசைநாண் அறுந்து, வருமானத்துக்கு என்ன வழி? ஒலிம்பிக் விளையாட்டு வீரர்களுக்கு இத்தாலியில் ஒரு ஏற்பாடு உண்டு. ராணுவம், போலீஸ், விமானப்படை போன்றவற்றுக்கு விளையாட்டுப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் சேர்ந்தால் மாதச் சம்பளம் உண்டு, வேலை என்பது பயிற்சியும் போட்டியும். நம் ஊரில் ரயில்வேயும் சர்வீசஸும் செய்வதை ஒத்தது. ஃபெராரி ராணுவ விளையாட்டு மையத்தைச் சேர்ந்தவர். அவருடைய மனவுறுதியைப் பற்றி எழுதுபவர்கள் இந்தச் சம்பளத்தைப் பற்றி எழுதுவதில்லை. சம்பளம் இல்லாமல் மனவுறுதி மட்டும் எவ்வளவு நாள் தாங்கியிருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

2019-ல் திரும்பி வந்தார். டோக்கியோவுக்குத் தகுதி பெற ஒரு புதிய வழி இருந்தது: உலகக் கோப்பைத் தொடரில் ஒரே ஒரு உபகரணத்தில் புள்ளி சேர்த்துத் தனிநபர் இடம் பிடிப்பது. ஃப்ளோர் மட்டும் ஆடுபவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரியான விதி. ஆனால் ஒரு உபகரணத்துக்கு ஒரே இடம், அதற்கு எதிர்த்து நின்றவரோ இன்னொரு இத்தாலிக்காரி, லாரா மோரி. கொரோனாவால் தொடரின் கடைசிப் போட்டி 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூனுக்குத் தள்ளிப்போனது. தோஹாவில் நடந்த அந்தப் போட்டியில்தான் ஃபெராரியின் இடம் உறுதியானது. ஒலிம்பிக்குக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

பிறகு ஒரு திருப்பம். அணியின் முக்கிய வீராங்கனை ஜார்ஜியா வில்லா காயத்தால் விலகினார். அவர் இடத்தில் ஃபெராரியை அணிக்குள் எடுத்தார்கள். காலியான தனிநபர் இடம் லாரா மோரிக்குப் போனது. இரண்டு பேரில் ஒருவர்தான் போக முடியும் என்றிருந்த நிலையில் இரண்டு பேருமே டோக்கியோ போனார்கள். வில்லாவை நினைத்தால் இதை மகிழ்ச்சியான திருப்பம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அணி இறுதியில் இத்தாலி 163.638. வெண்கலம் வாங்கிய பிரிட்டன் 164.096. நான்காவது. ஆம், மறுபடியும் அதே எண். ஃபெராரியை அந்த இடம் துரத்திக்கொண்டே இருந்தது.

2021 ஆகஸ்ட் 2, ஆரியாகே அரங்கம், பார்வையாளர்கள் இல்லை. தகுதிச் சுற்றில் ஃப்ளோரில் 14.166 எடுத்து முதலிடத்தில் இருந்தவர் ஃபெராரி. பைல்ஸ் இறுதியிலிருந்து விலகிவிட்டார். காற்றில் தன் உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வு குழம்பிப்போகும் நிலை அவருக்கு. ஆகவே இது திறந்த போட்டி. அமெரிக்காவின் ஜேட் கேரி 6.3 கடினத்தோடு 14.366 எடுத்தார். முந்தைய நாள் வால்டில் ஓட்டத்திலேயே தடுமாறி எல்லாவற்றையும் கோட்டைவிட்டவர், அவருக்கு இது மீட்சி. ஃபெராரி: கடினம் 5.9, செய்நேர்த்தி 8.3, மொத்தம் 14.200. வெள்ளி.

அவருக்குக் கீழே யார் என்று பாருங்கள். ஜப்பானின் மாய் முராகாமி 14.166, ரஷ்யாவின் அஞ்செலினா மெல்னிகோவா 14.166. மறுபடி ஒலிம்பிக் ஃப்ளோரில் மூன்றாம் இடத்தில் சமநிலை! இந்த முறை இருவருக்கும் கடினம் 5.9, செய்நேர்த்தி 8.266 என்று எல்லாமே அச்சு ஒன்று. உடைக்க வழியில்லாததால் இருவர் கழுத்திலும் வெண்கலம். ஒலிம்பிக்கில் பதக்கத்தைப் பகிரவே முடியாது என்பதும் இல்லை, விதி தோற்றுப்போனால் பகிரலாம். லண்டனை நினைத்துக்கொண்டு அந்த முடிவுப் பலகையைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்திருக்கும். ஃபெராரி அவர்கள் இருவரையும்விட 0.034 முன்னால். ரியோவில் இழந்த தூரத்தில் ஏறக்குறையப் பாதி.

இத்தாலியப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. பாவியாச் சிறுமிகளின் அணி வெள்ளிக்குப் பிறகு 93 ஆண்டு. அந்த 1928 அணியில் கடைசியாக உயிரோடு இருந்த கார்லா மரங்கோனி 2018-ல் 102 வயதில் காலமானார். மூன்று ஆண்டு இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

சரி, இவரை எந்த வரிசையில் வைப்பது? பைல்ஸ், கொமனேச்சி, லாட்டினினா வரிசையில் வைத்தால் அது மிகை. முஸ்தஃபினாவோடு ஒப்பிட்டாலும் பதக்கக் கணக்கில் தோற்பார். நீண்டகாலம் ஆடியதற்காக மட்டும் என்றால் உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சூசோவிட்டினா 46 வயதில் டோக்கியோவில் எட்டாவது ஒலிம்பிக் ஆடினார், அவர் முன்னால் யாரும் நிற்க முடியாது. ஃபெராரியின் இடம் வேறு. வழி இல்லாத நாட்டில் வழி போட்டவர். பிரெஷாவில் அந்த ஒரு கிளப், அந்த ஒரு பயிற்சியாளர், 2006-ல் அந்த ஒரு சிறுமி. அந்த வெற்றிக்குப் பிறகு பெற்றோர்கள் பெண்களை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஜெனோவாவிலிருந்து அலிஸ், ஆசியா டமாட்டோ என்ற இரட்டையர், மோதேனாவிலிருந்து எலிசா யோரியோ, பெர்கமோ பக்கத்திலிருந்து வில்லா. 2003-ல் பிறந்தவர்கள். 2019-ல் ஸ்டுட்கார்ட்டில் உலக அணி வெண்கலம், 1950-க்குப் பிறகு முதல். 2022-ல் மியூனிக்கில் ஐரோப்பிய அணித் தங்கம், ஆசியா டமாட்டோவுக்கு ஆல்ரவுண்ட் தங்கம்.

பாரிஸ் 2024-க்கும் ஃபெராரி முயன்றார். காயம் விடவில்லை. அவர் இல்லாத அந்த அணி 165.494 எடுத்து, அமெரிக்காவுக்கு அடுத்து, பிரேசிலுக்கு மேலே வெள்ளி வென்றது. டோக்கியோவில் இடம் இழந்த வில்லா அந்த அணியில் இருந்தார். சில நாளில் பீம் இறுதி: அலிஸ் டமாட்டோ தங்கம், மனிலா எஸ்போசிட்டோ வெண்கலம். அந்த இறுதியில் விழாதவர்களை விரல்விட்டு எண்ணலாம். இத்தாலியப் பெண்களின் முதல் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம், ஃபெராரி விழுந்த அதே உபகரணத்தில். ஓரத்தில் கசெல்லா.

'ஒரே ஒரு ஒலிம்பிக் பதக்கம்' என்ற கணக்கு அதனால்தான் எனக்குப் பொருந்தவில்லை. ஆர்ஹூஸ் தங்கம் ஒன்றுமே இல்லாமல் டோக்கியோ வெள்ளி மட்டும் வந்திருந்தாலும் அவர் இத்தாலிக்குப் பெரியவர்தான். வெள்ளி வராமல் போயிருந்தாலும் பிரெஷா பிரெஷாவாகத்தான் இருந்திருக்கும்.

வீடியோ தேடிப் பார்க்க நினைத்தால் ஆர்ஹூஸ் பீமிலிருந்து தொடங்காதீர்கள், எல்லோரும் செய்யும் தவறு அது. 2013 ஆன்ட்வெர்ப் ஃப்ளோர் இறுதியை முதலில் பாருங்கள், அடுத்து லண்டன், கடைசியில் டோக்கியோ. மூன்றிலும் முதல் ஓட்டத்தில் தரையிறங்கும் இடத்தில் பாதங்களை மட்டும் கவனியுங்கள். முடிந்தால் லண்டனில் முஸ்தஃபினாவின் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வெண்கலத்தை யாருக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் ஓட்டு ஃபெராரிக்கு, ஆனால் முஸ்தஃபினாவுக்குப் போடுபவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.